‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்று பாராட்டாதீர்கள்

யானைக்கவுனியிலிருந்து சவுகார்பேட்டைச் சந்துகளுக்குள் புகுந்து ஏழுகிணறு பக்கம் நடந்தால் வீராசாமி பிள்ளை தெரு வரும். வள்ளலார் என்று நாம் அழைக்கும் இராமலிங்க அடிகள் சிறு பிள்ளையாகச் சென்னைக்கு வந்தது முதல் 1858-ல் ஊரை விட்டுப் புறப்படும் வரை வாழ்ந்த வீடு அங்கேதான் இருக்கிறது. கந்தகோட்டத்துக்கும் திருவொற்றியூருக்கும் அவர் நடந்தே போய் வந்த தெருக்கள் இவை. அவர் காலத்தில் இந்த ஊரில் புகைப்படக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆனாலும் அவருடைய புகைப்படம் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. மாசிலாமணி முதலியார் என்ற புகைப்படக்காரர் எட்டு முறை முயன்றதாகவும், ஒவ்வொரு முறையும் ஆடை மட்டுமே பதிந்து உருவம் விழவில்லை என்றும் வரலாறு எழுதியவர்கள் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம்.

அந்த முகத்துக்கு நேரடிச் சாட்சி ஒன்று உண்டு. அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-ல் பிரம்மஞான சபையாரிடம் கொடுத்த வாக்குமூலம் அது. ஓரளவு உயரம், எலும்புக்கூடு என்று சொல்லத் தக்க மெலிவு, ஆனாலும் உறுதியான உடம்பு, நிமிர்ந்த நிலை, மிக வேகமான நடை, தெளிந்த மாநிறம், நேரான மெல்லிய மூக்கு, நெருப்புப் போன்ற பெரிய கண்கள், முகத்தில் எப்போதும் ஒரு துயரம். கடைசிக் காலத்தில் முடி வளர்த்திருந்தார், யோகிகளிடம் வழக்கமில்லாதபடி செருப்பும் அணிந்திருந்தார் என்கிறார் வேலாயுத முதலியார். இதைப் படித்துவிட்டு எந்தக் காலண்டரிலாவது வள்ளலாரைப் பாருங்கள். முக்காடிட்ட வெள்ளாடை, உருண்டு சாந்தமான முகம், சதைப்பிடிப்பான கன்னம். எலும்பும் இல்லை, நெருப்பும் இல்லை, துயரமும் இல்லை. வேகமாக நடந்தவர் என்பதற்கு அடையாளமே கிடையாது.

பல்லாண்டு அருகிலிருந்து பார்த்த மாணவருக்குச் சொல்லில் ஜாடை பிடிக்கத் தெரிந்திருந்தது. அவர் சொன்னவற்றில் பாதி முகமே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நிற்கும் விதம், நடக்கும் வேகம், முகத்தில் தங்கிவிட்ட உணர்ச்சி ஆகியவற்றையும் சேர்த்துத்தான் அவர் ஆளைச் சொல்கிறார். இன்று ஒருவரின் உருவத்தை வரையக் கற்றுக்கொள்கிற பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொடுக்காமல் விட்டிருப்பது இந்தப் பாதியைத்தான்.

ஓவியம் பழகும் இளைஞர் எவருடைய கைப்பேசியையும் வாங்கிப் பாருங்கள். நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், முன்னாள் முதல்வர்கள். எல்லாமே இணையத்தில் எடுத்த போட்டோவின் மேல் கட்டம் போட்டு, தாளிலும் அதே கட்டத்தைப் போட்டு, சதுரம் சதுரமாக நிரப்பியவை. கண் இமை ஒவ்வொன்றும் இருக்கும், தாடி மயிர் ஒவ்வொன்றும் இருக்கும், கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் பளிச்சென்று தெரியும். கீழே நூறு பேர் ‘போட்டோ மாதிரியே இருக்கு’ என்று எழுதியிருப்பார்கள். அதே இளைஞரிடம் எதிரே உட்கார்ந்திருக்கும் தன் அம்மாவை வரையச் சொன்னால் கை நடுங்கும். இது அந்தப் பிள்ளையின் குற்றமில்லை. போட்டோவைப் பார்த்து வரைவது ஒரு வேலை, ஆளைப் பார்த்து வரைவது வேறொரு வேலை. முதலாவதை மட்டும் பழக்கிவிட்டு இரண்டாவது தானாக வந்துவிடும் என்று நம்புகிறோம். அது வருவதில்லை.

கட்டம் போடுவதை இழிவாகப் பேச வடசென்னையில் யாருக்கும் உரிமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தங்கசாலை கிரௌன், கிருஷ்ணா முதல் தண்டையார்பேட்டை அகஸ்தியா, மகாராணி வரை எல்லாத் தியேட்டர் வாசலிலும் கையால் வரைந்த பேனர்கள் நின்ற காலம் உண்டு. படக் கம்பெனி கொடுக்கிற சின்ன ஸ்டில்லில் பேனாவால் கட்டம், துணியில் சாக்பீஸால் பெரிய கட்டம். உள்ளங்கை அளவு முகம் அப்படித்தான் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்தது. புதிதாகச் சேரும் பையன் பிரஷ் கழுவுவான், பின்னணிக்கு வண்ணம் அடிப்பான். சில வருஷம் போனால் எழுத்து, அதன் பிறகு சட்டை, சேலை. முகம் மட்டும் தலைமை ஓவியரின் கைக்கே.

காரணம், கட்டம் அளவைத்தான் கொடுக்கும். தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து, ஓடுகிற பஸ்ஸின் ஜன்னலிலிருந்து பார்த்தாலும் ‘சிவாஜி!’ என்று சொல்ல வைப்பது அதற்குள் அடங்காது. பேனருக்கு மிக அருகில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: கன்னத்தில் பச்சை, நெற்றியில் ஊதா, மூக்கின் ஓரத்தில் ரோஸ் என்று வெறும் திட்டுகள்தான் இருக்கும். நாற்பது அடி தள்ளி வந்தால் திட்டுகள் சேர்ந்து முகமாகும். எதை விடலாம், எதை அழுத்த வேண்டும், எந்த நிழலை இன்னொரு நிழலோடு இணைத்துவிடலாம் என்ற கணக்கை ஆயிரம் முகம் பார்த்த ஓவியர் மனத்தில் வைத்திருந்தார். மோகன் ஆர்ட்ஸ் போன்ற கம்பெனிகள் அந்தக் கணக்கால் பேர் வாங்கியவை. 2000-க்குப் பிறகு பிளெக்ஸ் வந்தது, துணியும் பிரஷ்ஷும் போயின. அதோடு அந்தக் கணக்கைக் கற்றுக்கொடுக்கும் பட்டறைகளும் போய்விட்டன. கட்டம் மட்டும் தங்கிவிட்டது.

ஜாடை எங்கே இருக்கிறது என்பதை விஞ்ஞானிகளும் தேடியிருக்கிறார்கள். 1973-ல் லியோன் ஹார்மன் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆபிரகாம் லிங்கனின் முகத்தைச் சில நூறு சாம்பல் நிறச் சதுரங்களாகச் சிதைத்து அச்சிட்டார். கண் இல்லை, மூக்கு இல்லை, தாடியின் ஒரு மயிர்கூட இல்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் லிங்கனேதான். 2003-ல் மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பவன் சின்ஹாவும் கூட்டாளிகளும் பிரபலங்களின் படங்களில் கண்களை அழித்தும் புருவங்களை அழித்தும் காட்டினார்கள். கண் இல்லாத முகத்தைவிடப் புருவம் இல்லாத முகத்தை அடையாளம் காணத்தான் மக்கள் அதிகம் திணறினார்கள். வகுப்பில் எல்லாரும் கண்ணில் தொடங்கி, கண்ணில் ஒரு மணி நேரம் செலவழித்து, புருவத்தைக் கடைசியில் இரண்டு கோடாக இழுத்துவிடுகிறார்கள் என்பதை நினைத்தால் இந்த ஆய்வுக்கு இன்னும் கொஞ்சம் விளம்பரம் கொடுத்திருக்கலாம்.

வால்டாக்ஸ் சாலையில் பார்சல் ஆபீஸ் வரிசை ஒன்று உண்டு. காலையில் அங்கே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் மூட்டைத் தொழிலாளி ஒருவரை ஒரு மாணவர் வரையப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழகாத கை கண்ணில் தொடங்கும். பாதாம் பருப்பு வடிவம், நடுவில் வட்டம். அது அந்தத் தொழிலாளியின் கண்ணே இல்லை. ஐந்து வயதில் கற்றுக்கொண்ட ‘கண்’ என்ற பொம்மை. மூக்குக்கு இரண்டு துளை, வாய்க்கு ஒரு வளைவு என்று எல்லாப் பொம்மைகளும் வரிசையாக வந்து சேரும். கண்கள் தலையின் உச்சிக்கு அருகில் போய் உட்கார்ந்துகொள்ளும். உண்மையில் உச்சந்தலைக்கும் தாடைக்கும் சரிபாதியில்தான் கண் இருக்கிறது. நெற்றியிலும் தலைமுடியிலும் சுவாரசியம் இல்லாததால் நம் மனம் அந்த இடத்தைச் சுருக்கிவிடுகிறது.

பழகிய கை கழுத்தில் தொடங்கும். பல வருஷம் தலையில் சுமை ஏற்றிய கழுத்து குட்டையாகத் தெரியும், காதுக்குக் கீழிருந்து தோள்வரை ஒரே சரிவாக இறங்கும். தலை கொஞ்சம் முன்னால் நீண்டிருக்கும். அந்தச் சாய்வை ஒரே கோட்டில் போட்டுவிட்டால் பாதி ஆள் வந்துவிட்டார். அடுத்து, கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, தாடையிலிருந்து கண் வரை ஓர் அளவு, கண்ணிலிருந்து உச்சி வரை ஓர் அளவு. காதின் மேல்முனை புருவத்துக்கு நேராக இருக்கிறதா, கீழ்முனை மூக்கின் அடிக்கு நேராக இருக்கிறதா? குனிந்து டீ உறிஞ்சுகிறார் என்றால் காது மேலே ஏறிவிடும், புத்தகத்து அளவு செல்லாது. பிறகு கண்ணைப் பாதி மூடிப் பார்க்க வேண்டும். புருவமும் கண்குழியும் தனித்தனியாகத் தெரியாது, ஒரே கறுப்புத் திட்டாகத் தெரியும். அப்படியே போட வேண்டும். சற்றே பக்கவாட்டில் திரும்பிய முகமென்றால் தூரத்துக் கண் குறுகியிருக்கும், அதன் ஒரு ஓரத்தை மூக்குத்தண்டு மறைத்துவிடும். இரண்டு கண்ணும் சமமாக இருந்தாக வேண்டும் என்று மனம் அடம் பிடிக்கும் இடம் இதுதான். ஜாடை தவறுவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

உதட்டின் வெளிக்கோட்டை வரைகிறவர்கள் வாயைக் கெடுப்பார்கள். இரண்டு உதடும் சேரும் கோடும் அதன் ஓரங்களில் விழும் சின்ன நிழலும் போதும். பல்லை ஒவ்வொன்றாக வரைந்தால் சிரிப்பு இளிப்பாகிவிடும். இமை, மயிர், தோல் சுருக்கம் எல்லாம் கடைசியில், நேரம் இருந்தால். இதற்குள் அவர் இரண்டு முறை திரும்பியிருப்பார், ஒரு முறை யாரையோ கூப்பிட்டிருப்பார், டீ முடிந்து பீடி பற்ற வைத்திருப்பார்.

அவர் அசைகிறார் என்பது தொந்தரவாகத் தெரியும். கற்பவருக்கு அதைவிடப் பெரிய ஆசிரியர் கிடையாது. அசைவுகளுக்கு நடுவில் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிற ஒன்று எது என்று கண் தேட ஆரம்பிக்கும். போட்டோ ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. அந்தக் கணத்தில் அவர் கொட்டாவி விட ஆரம்பித்திருக்கலாம். சொந்தக்காரர்களே ‘இது அவர் மாதிரி இல்லையே’ என்று ஒதுக்கும் போட்டோக்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

கைப்பேசிப் படம் அளவையும் பிசகச் செய்கிறது. 12 அங்குலத் தூரத்தில் எடுத்த செல்ஃபியில் மூக்கு, 5 அடி தள்ளி எடுத்த படத்தைவிடச் சுமார் 30 சதவீதம் அகலமாகத் தெரிகிறது என்று 2018-ல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதினார்கள். தங்கள் மூக்கு பெரிது என்று நம்பி அறுவைக்கு வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல அந்தக் கணக்கு தேவைப்பட்டதாம். அந்தப் படத்தின் மேல் கட்டம் போட்டால், கட்டமும் அந்த மூக்கையே துல்லியமாக வரையும். போதாக்குறைக்குக் கைப்பேசியே தோலை மெழுகிவிடுகிறது.

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கும்: ‘ஆதிமூலம் காந்தியைப் பார்த்தா வரைந்தார்?’ நியாயமான கேள்வி. கே.எம்.ஆதிமூலம் 1969 காந்தி நூற்றாண்டையொட்டி நூறு கோட்டோவியங்கள் வரைந்தபோது காந்தி இறந்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆனால் அதற்கு முன் ஆதிமூலம் என்ன செய்தார் என்பதைப் பார்க்க வேண்டும். சென்னை ஓவியக் கல்லூரியில் உயிருள்ள ஆட்களை எதிரே வைத்து ஆண்டுக்கணக்கில் கோடு பழகியவர் அவர். அந்தக் கை புகைப்படத்தைப் பார்த்தாலும் புகைப்படத்தை நகலெடுக்காது. முதுகின் வளைவு, மழித்த தலையின் பின்புறம், நடக்கையில் முன்னே விழும் கால் என்று அவர் எடுத்துக்கொண்டவற்றைப் பாருங்கள். சில படங்களில் முகம் பாதி கரைந்தே போயிருக்கும். காந்தி கரையமாட்டார்.

மறைந்த எஸ்.இளையராஜாவையும் இங்கே இழுப்பார்கள். கும்பகோணத்துக்காரர், 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோன அருமையான ஓவியர். அவர் வரைந்த கிராமத்துப் பெண்களைப் பார்த்தவர்கள் முதலில் போட்டோ என்றுதான் நினைத்தார்கள். அவருக்குப் பிறகு அவரைப் போல வரைய ஆசைப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எடுத்துக்கொண்டது மயிரிழைத் துல்லியத்தை. விட்டுவிட்டது, ஓட்டுவீட்டின் இருட்டுக்குள் கதவு வழியாக வந்து ஒரு கன்னத்தில் மட்டும் விழுகிற வெளிச்சத்தை. அந்த வெளிச்சத்தை அந்த வீடுகளுக்குள் வளர்ந்த கண் முதலில் பார்த்திருக்க வேண்டும்.

தமிழ்ப் பத்திரிகை உலகத்தின் பழைய ஆட்களும் நேரில் பார்ப்பதை விட்டதில்லை. ஆனந்த விகடனில் மாலி வரைந்த சங்கீத வித்வான்களின் கேலிச்சித்திரங்களில் முகத்தைவிட உட்காரும் தோரணையும் கை விரியும் விதமும் பேசும். கச்சேரி கேட்டுக்கொண்டே கவனித்தவரின் கோடு அது. அவர் ‘சில்பி’ என்று பேர் வைத்த ஸ்ரீனிவாசன் ஒரு படி மேலே போனார். ‘தென்னாட்டுச் செல்வங்கள்’ தொடருக்காக ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளின் எதிரிலேயே உட்கார்ந்து வரைந்தார். அசையாத கல்லுக்கே அவர் நேரில் போனார். நாம் அசையும் மனிதனுக்குக்கூடப் போகாமல் இருக்கிறோம். கோபுலு பக்கவாதத்தால் வலது கை செயலிழந்தபோது இடது கையால் வரையப் பழகிக்கொண்டார். கை மாறியது, பார்த்து வைத்திருந்தது மாறவில்லை.

ஒரே முகத்தைப் பல நாள் பார்ப்பது என்ன செய்யும் என்பதற்கு ஓவியர் ஜாக்கோமெட்டியின் கதை நல்ல உதாரணம். 1964-ல் பாரிஸில் ஜேம்ஸ் லார்ட் என்ற எழுத்தாளரை ஒரே ஒரு பிற்பகல் உட்காரச் சொன்னார். அது 18 நாள் நீண்டது. ஒவ்வொரு நாளும் வரைந்த முகத்தை அழித்து, மறுநாள் மறுபடி தொடங்கினார். உட்கார்ந்தவர் ஊருக்குப் போகும் பயணத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தார். பிறகு அதை ஒரு புத்தகமாகவே எழுதினார். நம் ஊரில் சிற்பி எஸ்.தனபால் பெரியார், திரு.வி.க., பாரதிதாசன் தலைச்சிற்பங்களைச் செய்தார். அந்தத் தலைகளில் தெரியும் கனம், அந்த மனிதர்களோடு பழகிய கைக்குத்தான் வரும்.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. அடையாளத்தையே ஜாடை என்று எடுத்துக்கொள்ளப் பழகிவிட்டோம். பாரதியின் உண்மைப் புகைப்படங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். 1919-ல் காரைக்குடியில் எடுத்ததில் கையில் தடியோடு மெலிந்து இருக்கிறார். நம் மனத்தில் இருப்பதோ வெள்ளைத் தலைப்பாகையும் முறுக்கு மீசையும் கறுப்புக் கோட்டும் கொண்ட ஓவியம். வரைந்தவர் ஆர்யா என்ற பாஷ்யம், 1932 ஜனவரி 26 அன்று புனித ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் மூவர்ணக் கொடியேற்றியவர். அது வலிமையான படம், சந்தேகமில்லை. ஆனால் அதற்குப் பிறகு தலைப்பாகையும் மீசையும் போட்டுவிட்டால் உள்ளே யார் முகம் இருந்தாலும் பாரதி என்றாகிவிட்டது. பள்ளி ஆண்டு விழாவில் ஒவ்வொரு வருஷமும் அதுதான் நடக்கிறது. தாடி என்றால் பெரியார், வட்டக் கண்ணாடி என்றால் காந்தி. திருவள்ளுவருக்கு வேணுகோபால் சர்மா கொடுத்த உருவத்தை யாரும் பார்த்ததில்லை, பார்க்கவும் முடியாது. அங்கே அடையாளம்தான் முழு வேலையும் செய்ய வேண்டும், செய்கிறது. பார்க்க முடிந்தவர்களுக்கும் அதையே போட்டுச் சமாளிப்பதில்தான் தகராறு.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. மாமல்லபுரம் ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணுவும் மகேந்திரனும் அரசியரோடு செதுக்கப்பட்டிருக்கிறார்கள். அங்கே பேர் வெட்டியிருப்பதால்தான் நமக்குத் தெரிகிறது. தாலக் கணக்கில் முகத்தைப் பகுக்கும் சிற்ப மரபுக்கு இலட்சிய உருவமே நோக்கம், அதில் அதை மிஞ்ச ஆள் இல்லை. தனி மனிதனின் கோணல் மூக்கு அந்த மரபின் கவலை கிடையாது. புராணத்தில் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு: கனவில் கண்டவன் யாரென்று தெரியாமல் தவித்த உஷைக்குச் சித்திரலேகை அரசகுமாரர்களை ஒவ்வொருவராக வரைந்து காட்டினாள், அநிருத்தன் படம் வந்ததும் அவள் கண்டுகொண்டாள். போலீஸ் ஸ்டேஷன் ஓவியர்களுக்குக் குலதெய்வம் தேவைப்பட்டால் சித்திரலேகையை வைத்துக்கொள்ளலாம்.

கோணல் மூக்கைக் கோணலாகவே வரையச் சொல்லித்தரும் பள்ளி சென்னைக்கு வந்ததும் யானைக்கவுனிக்குப் பக்கத்தில்தான். அலெக்சாண்டர் ஹண்டர் என்ற அறுவை மருத்துவர் 1850-ல் பிராட்வேயில் தன் சொந்தச் செலவில் தொடங்கிய ஓவியப் பள்ளி, பிற்பாடு அரசுப் பள்ளியாகிப் பூந்தமல்லி நெடுஞ்சாலைக்குப் போனது. இன்றைய பெரியமேடு கவின்கலைக் கல்லூரி அதுதான். 1929 முதல் 1957 வரை அங்கே முதல்வராக இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தபோது, கல்லூரியில் வேலை பார்த்த ஊழியர் ஒருவரை நிறுத்தித்தான் உருவத்தைப் பிடித்தார் என்பது பலர் அறிந்த கதை. பெயர் பெற்ற மல்லர் எவரையும் தேடிப் போகவில்லை.

அந்தப் பள்ளி இருந்த காலத்திலேயே வெளியில் கற்றவர்கள் பட்ட பாடு வேறு. திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் அறிந்திருந்த இராமசாமி நாயக்கர், இளைஞன் ரவிவர்மாவுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை குருவுக்குத் தெரியாமல் கற்பித்தார். 1868-ல் வந்த டேனிஷ் ஓவியர் தியடோர் ஜென்சனும் பாடம் எடுக்கவில்லை, தான் வரையும்போது நின்று பார்க்க மட்டும் விட்டார். ஐந்தாண்டு கழித்து 1873-ல் சென்னைக் கண்காட்சியில் ரவிவர்மாவுக்கு ஆளுநரின் தங்கப் பதக்கம். உயிருள்ள ஆள் ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் வரைய, மூன்றாமவர் பக்கத்தில் நின்று பார்க்கிற அந்த ஏற்பாட்டுக்கு இணையாக எந்த யூடியூப் வீடியோவும் இல்லை. வீடியோவில் ஓவியரின் கை தெரியும். அவர் எங்கே பார்க்கிறார், எவ்வளவு நேரம் பார்க்கிறார் என்பது தெரியாது.

இப்போது பள்ளிக்கூடங்களுக்கு வருவோம். 2012-ல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை, மாதம் 5,000 ரூபாய். தொகை பிறகு கட்டம் கட்டமாக உயர்ந்தது. பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னைக்கு வந்து உட்காருவது வருஷாந்திர நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது. ஓவியப் பாடவேளை இருக்கும் பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு நெருங்கினால் கணக்கு ஆசிரியர் அதை எடுத்துக்கொள்வார். தப்பிப் பிழைத்த வகுப்பில் மலை, நடுவில் சூரியன், தென்னைமரம், இல்லையென்றால் ‘நீரைச் சேமிப்போம்’ போஸ்டர்.

இந்த நிலைமையில் பெரிய திட்டம் எதையும் கேட்பது வீண். சின்னதாகக் கேட்கலாம். வாரத்தில் ஒரு பாடவேளை, பிள்ளைகள் ஜோடியாக எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரையொருவர் வரையட்டும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு படம், அழிரப்பருக்கு அனுமதி இல்லை. முதல் மாதம் எல்லாப் படமும் சிரிப்பு மூட்டும். அதுவும் வகுப்புக்கு நல்லதுதான். ஆசிரியர் வரையத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. ‘கண்ணை விடு, அவள் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கு பார்’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். பெட்டி எட்வர்ட்ஸ் 1979-ல் எழுதிய புகழ்பெற்ற புத்தகத்தில் ஒரு படத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வரையச் சொல்லியிருப்பார். தலைகீழாகிவிட்டால் கண், மூக்கு என்ற பொம்மைகள் மனத்துக்கு வராது, கோடும் இடைவெளியுமே தெரியும். ஒரு பாடவேளை அதற்கும் ஒதுக்கலாம், செலவு எதுவும் இல்லை.

ஓவியப் போட்டி நடத்தும் அமைப்புகளும் நடுவர்களும் ஒரு வேலை செய்யலாம். உருவப்படப் போட்டி என்றால் மேடையில் ஓர் ஆளை உட்கார வையுங்கள். அச்செடுத்த தலைவர் படத்தைப் பார்த்து வீட்டில் வரைந்து கொண்டுவருகிறவர்களுக்குப் பரிசு கொடுப்பதை நிறுத்துங்கள். 2025 மார்ச்சில் ஊரே தன் குடும்பப் படத்தை ஜிப்லி பாணியாக மாற்றிப் பதிவிட்டது நினைவிருக்கும். போட்டோவை வேறொரு படமாக மாற்றித்தரும் வேலையை இயந்திரம் சில நொடியில் முடித்துவிடும் காலத்தில், அதே வேலைக்கு ஒரு பிள்ளையின் நாற்பது மணி நேரத்தைக் கேட்பது கொடுமை. கட்டம் போட்டு மயிர் மயிராக நிரப்பும் திறமைக்கு இனிச் சந்தையும் இருக்காது. கண்ணீர் அஞ்சலி போஸ்டர்காரரே இப்போது கைப்பேசியில் படத்தைச் சரிசெய்து அனுப்பிவிடுகிறார். ஸ்டுடியோக்களில் பென்சிலால் டச்சிங் செய்து, கூட்டப் படத்திலிருந்து தாத்தாவை மட்டும் பிரித்து மார்பளவு படமாக்கிக் கொடுத்தவர்களின் தொழில் எப்போதோ முடிந்துவிட்டது.

மூன்றாவது கோரிக்கை பெரியமேடு கல்லூரிக்கு. யானைக்கவுனிப் பிள்ளைக்கு அந்தக் கல்லூரி சென்ட்ரலைத் தாண்டினால் நடக்கிற தூரம். ஞாயிறு காலை ஒரு கூடத்தைத் திறந்து, ஓர் ஆளை உட்கார வைத்து, வடசென்னையில் வரைய ஆசைப்படும் யாரும் வந்து வரையலாம் என்று அறிவித்தால் போதும். கல்லூரியின் மூத்த மாணவர்கள் நடுவில் நடந்துகொண்டே திருத்தலாம், அவர்களுக்கும் பழக்கமாகும். நியூஸ்பிரிண்ட் தாள், 4பி பென்சில், கொஞ்சம் கரி. இதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

உட்காருவதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. ராயபுரத்தில் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பெரியவர்கள், தங்கசாலையில் பூக்கட்டும் பாட்டிகள், மீன்பாடி வண்டி ஓட்டி முதுகு வலியோடு வீட்டில் இருப்பவர்கள் என்று, வரைந்து முடியாத முகங்கள் வடசென்னை நெடுக இருக்கின்றன. அசையாமல் ஒரு மணி நேரம் உட்காருவது சும்மா இருப்பதில்லை, இடுப்பு ஒடிகிற வேலை. ஆகவே கூலி பேசித்தான் கூப்பிட வேண்டும். வால்டாக்ஸ் சாலையில் அதே ஒரு மணி நேரத்துக்கு மூட்டை இறக்கிச் சம்பாதிப்பதற்குக் குறையாமல் அந்தக் கூலி இருந்தால் நல்லது.